விட்டுக்கொடுக்க எழுதிய வரி

என் வீட்டுக்காரர் வக்கீல் குமாஸ்தா. வக்கீலைக் கட்டிக்கொண்டவள் பேச்சில் மாட்டிக்கொள்வாள். நான் எழுத்தில் மாட்டிக்கொண்டேன். குடையைக் காணோம் என்றால்கூட "மேற்படி குடை எங்கே?" என்றுதான் இந்த மனிதருக்கு வாயில் வரும். கல்யாணமான புதிதில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்திருக்கிறது. இப்போது அந்த 'மேற்படி' காதில் விழுந்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழ்வீட்டு அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் மாடியில், அவர் கீழே, நடுவில் ஒரு குறுகலான படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் ஒரு கோணி மிதியடி, அதன்மேல் அக்காவின் நாய். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரையும் நிறுத்தி, பையை மோந்து பார்த்து, ஒரு குரைப்புக் குரைத்துத்தான் வழிவிடும். அதனால் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர்தான். தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பையைத் தூக்கிக் காட்டி, "பாஸ்!" என்பார். கண்டக்டர் "வள்" என்று ஒரே ஒரு தடவை சொல்லும். அரைத்தலை நரைத்த மனிதருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

கண்டக்டருக்கும் வயதாகிவிட்டது. ஒரு கண்ணில் பால் படிந்த மாதிரி வெள்ளை. முடி வேறு வளர்ந்து கண்ணை மறைத்தது. "நீதான் ஊருக்கெல்லாம் முடி வெட்டறியே, இவனுக்கும் கொஞ்சம் வெட்டிவிடேன்" என்றார் அக்கா. தெருமுனையில் பார்லர் வைத்திருப்பவள் நான். கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டார். நெற்றி முடி வரைக்கும் சமர்த்தாகக் காட்டியது. காதோரம் சிக்கு விழுந்திருந்த முடியைப் பிடித்து இழுத்தேனோ இல்லையோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பல் இறங்கிவிட்டது. வலது கை. கவ்விய வேகத்திலேயே விட்டுவிட்டு, கண்டக்டர் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் அலறினேன். அக்கா அலறவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தவர்தான், நிறுத்தவே இல்லை.

"போதும்க்கா, எரியுது."

"எரியட்டும். கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவணும். பாதி விஷம் இதுலயே போயிடும். ஊசி அப்புறம்தான்."

"துணி வெச்சுக் கட்டிடலாமே?"

"டாக்டர் பாக்கற வரைக்கும் கட்டவும் கூடாது, கண்டதைப் பூசவும் கூடாது. பேசாம நில்லு."

அழுதுகொண்டிருந்தது அக்காதான். கை மட்டும் ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்த வலிக்கு நாய்க்கடியே தேவலை. புஜத்தில் தடுப்பூசி ஒன்று. பாக்கி ஊசிகளுக்குத் தேதி சொன்னார்கள். அக்கா கையோடு கண்டக்டரின் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்திருந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "நல்ல விஷயம். இருந்தாலும் நாயைப் பத்து நாள் கண்ணுலயே வெச்சிருங்க. அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா இவங்களுக்கும் பயம் இல்ல" என்றார். அக்கா தலையாட்டினார். டாக்டர் சொல்லுக்கு அவர் தலையாட்டினால் அது கல்வெட்டு. அட்டவணையில் எழுதியிருப்பதை எழுதியபடி செய்வதுதான் முப்பது வருஷமாக அவர் தொழில். ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நின்றால் நோயாளி என்னாவது?

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு குமாஸ்தா ஆகிவிட்டார்.

"முதல்ல காயத்தைப் போட்டோ எடுக்கணும். கட்டுப் பிரிக்கும்போது சொல்லு."

"எதுக்குங்க?"

"எதுக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரைச் சீட்டு, டாக்சிக்குக் கொடுத்தது எல்லாம் ஒண்ணுவிடாம எடுத்து வை. கை சரியாகற வரைக்கும் பார்லர் மூடித்தானே கிடக்கும்? அதுக்கும் சேத்துக் கேக்கணும்."

"யார்கிட்ட? அக்காகிட்டயா? செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"வாயால சொன்னது காத்தோட போயிடும்" என்றார். "இதுல நாலு வழி இருக்கு. போலீஸ்ல புகார் கொடுக்கலாம். நகராட்சிக்கு மனுப் போடலாம், அவங்க வந்து நாயைப் பிடிச்சுட்டுப் போவாங்க. நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடலாம், அது நம்ம பேரன் காலத்துல முடியும். இதெல்லாம் வேண்டாம்னுதான் ஒரு நோட்டீஸ். நோட்டீஸ்ங்கறது சண்டை இல்ல. காலிங்பெல் மாதிரி. அடிச்சா வெளியில வருவாங்க, உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்."

பக்கத்தில், பத்துப் படி கீழே இருக்கிறவரை வெளியில் வரவழைக்கத் தபாலில் காலிங்பெல். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வலி மாத்திரை மயக்கமா, இத்தனை வருஷம் நீதிமன்ற வாசலில் கிடந்த மனிதருக்குத் தெரியாததா என்ற நினைப்பா, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினார். நான் பொதுவழியில் நின்றுகொண்டிருந்தேனாம். மேற்படி நாயானது எவ்விதத் தூண்டுதலுமின்றிப் பாய்ந்து கடித்ததாம்.

"கத்தரிக்கோல் எங்கே போச்சு?"

"கத்தரிக்கோலை நாம எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது அவங்க பதில்ல எழுத வேண்டியது."

மேற்படி நாய் மூர்க்க குணமுடையது என்றும், இதற்கு முன்பும் பலரைக் கடித்துள்ளது என்றும் ஒரு வரி.

"யாரைக் கடிச்சுது? ஈயைக்கூடக் கடிச்சதில்லையே!"

"இது எல்லா நாய் நோட்டீஸ்லயும் போடறதுதான். அவங்க மறுப்பாங்க. மறுக்கறதுக்குத்தான் எழுதறது."

கடைசியில், இந்த அறிவிப்பு கிடைத்த மூன்று நாட்களுக்குள் மேற்படி நாயை வீட்டைவிட்டு நிரந்தரமாக அகற்ற வேண்டியது, தவறினால் சட்டப்படி நடவடிக்கை. அங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"கண்டக்டரை எதுக்குங்க அனுப்பணும்?"

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். "அனுப்ப மாட்டாங்க. அனுப்பவும் விட மாட்டேன். பேச உக்காரும்போது விட்டுக்கொடுக்க நம்ம கையில ஒண்ணு வேணாமா? சரி சிஸ்டர், நாயை நீங்களே வெச்சுக்கங்கன்னு நான் சொல்லணும்னா முதல்ல அதைக் கேட்டிருக்கணும். அந்த வரியே விட்டுக்கொடுக்கத்தான்."

சாமர்த்தியமாகத்தான் பட்டது. இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் தேடினாராம், கிடைக்கவில்லையாம், அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இதையும் என் வீட்டுக்காரர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அதுவரை தினமும் அக்கா மாடிக்கு வந்து எனக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். நோட்டீஸைத் தபாலில் போட்ட அன்று என் வீட்டுக்காரர், "இனிமே ஆஸ்பத்திரியிலயே மாத்திக்கோ. எதிர்த்தரப்பு கையால கட்டுப் போட்டுக்கிட்டா நாளைக்கு அதையே சொல்லுவாங்க. பதில் வர்ற வரைக்கும் பேச்சும் வேண்டாம்" என்றார். அக்கா கதவைத் தட்டியபோது, ஆஸ்பத்திரியில் மாற்றியாகிவிட்டது என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினேன். சரிம்மா என்று இறங்கிப் போனார். அவருக்கு அப்போது நோட்டீஸ் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்த அன்று தபால்காரர் குரலை மாடியிலிருந்து கேட்டேன். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக் கதவைச் சாத்தினார். அதிலிருந்து மேலே வரவில்லை. கோணி மிதியடியைக் காணோம். கண்டக்டரை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டுவிட்டார். ஆனாலும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் படியடியில் நின்று சாத்திய கதவைப் பார்த்து, "பாஸ்!" என்பார். உள்ளேயிருந்து ஒரே ஒரு "வள்" வரும். சந்தோஷமாகப் போவார். ஒரு கையால் நோட்டீஸ், மறு கையால் குசலம். அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. சத்தியமாக மனசில் கள்ளம் இல்லாத மனிதர். அதனால்தான் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

"பதில் வரும்" என்பார் தினமும். "எல்லாத்தையும் மறுத்து வரும். அன்னைக்கே நான் கீழே போறேன்."

பதில் வரவில்லை. மூன்று நாள் கெடு தாண்டியும் "வள்" மட்டும் வந்துகொண்டிருந்தது. "பாத்தியா, யாரும் அப்படியே செய்ய மாட்டாங்க" என்றார் அவர். எனக்கும் மூச்சு வந்தது. கை ஆறிவிட்டது. ஊசி இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஒருநாள் சாயங்காலம், வாசலில் டாக்சி வந்து நின்றது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அக்கா இறங்கினார். கையில் சங்கிலி சுருட்டியிருந்தது. சங்கிலி மட்டும். அக்கா கதவை மூடுவதற்குள் நான் படியிறங்கிவிட்டேன்.

"அக்கா, கண்டக்டர் எங்கே?"

"உள்ளே வா" என்றார். யூனிபாரம்கூட மாற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். சங்கிலியை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதினபடி செஞ்சுட்டேன்மா."

"எங்கே விட்டீங்க? சொல்லுங்க, இப்பவே போய்க் கூட்டிட்டு வந்திடலாம்."

"நாய்க் காப்பகத்துக்குத்தான் முதல்ல போனேன். எதுக்கு விடறீங்கன்னு கேட்டாங்க. காகிதத்தைக் காட்டினேன். பலரைக் கடிச்ச நாயை நாங்க எடுக்க மாட்டோம்னுட்டாங்க. எனக்கும் யோசனையாத்தான் இருந்தது, வேற யாரைக் கடிச்சானோன்னு. நான் ராத்திரி டியூட்டி போற நாள்ல ஏதாவது நடந்திருக்கும். வக்கீல் ஆபீஸ் விசாரிக்காம எழுதுவாங்களா?"

அந்த வரிக்குக் கீழேதான் என் கோணல் கையெழுத்து இருந்தது.

"அப்புறம் மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட போனேன். காதுக்குள்ள பெரிய புண்ணு இருந்திருக்கு. முடி மறைச்சிருந்ததால நான் பாக்கலை. நர்ஸ்னு பேரு எனக்கு! நீ தொட்டப்போ வலி பொறுக்காமத்தான் கடிச்சிருக்கான். டாக்டர் ரொம்ப யோசிச்சாரு. வயசு, கண்ணு போச்சு, காகிதம் வேற. வேற வழியும் இல்லைன்னு... ஊசி போட்டுட்டாங்க. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். கஷ்டப்படலை, தூங்கின மாதிரிதான்."

"அக்கா, அது விட்டுக்கொடுக்கறதுக்கு எழுதின வரிக்கா" என்றேன். எனக்கே எவ்வளவு கேவலமாகக் கேட்டது அது! "அனுப்ப மாட்டீங்கன்னுதான் எழுதினது. மறுத்திருக்கலாமே. மேலே வந்து ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாமே."

அக்காவுக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுதிவைத்துவிட்டு, செய்ய மாட்டார்கள் என்று யாராவது எதிர்பார்ப்பார்களா என்கிற முகம்.

"நீ பேச வேண்டாம்னு இருக்கியோன்னு நினைச்சேன்" என்றார். "நான்தான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். மூணு நாள்ல அகத்தணும்னு எழுதியிருந்தீங்க. நான் கெடுவைத் தாண்டிட்டேன். பத்து நாள் அவனைப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரில்ல? நடுவுல அனுப்பிட்டா உனக்கு ஏதாவதுன்னா தெரியாமப் போயிடும். அதனாலதான் நாள் முடியற வரைக்கும் வெச்சிருந்தேன். பக்கத்துலயே படுத்துப் பாத்துக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் இருந்தான், நல்லாச் சாப்பிட்டான். உனக்கு இனிமே பயம் இல்ல."

அவர் என் வலது கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார், மடக்கினேன்.

"நல்லாச் சேர்ந்திருக்கு" என்றார். "கத்தரிக்கோல் பிடிக்கலாம்."

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. படியடியில் வந்து நின்றது. பையைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

"பாஸ்!"

சங்கிலி அக்காவின் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டியவள் நான்தான். நான் குனிந்து சங்கிலியை எடுத்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"டேய் கண்டக்டர், பாஸ்டா!"

மூன்றாவது தடவை கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.