நீலத் திரை

வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். பயிற்சிப் பக்கத்துக்குப் பொய்ப் பெயர், பொய் முகவரி, யார் வீட்டுப் படமாவது போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் முன்னால் சொந்த வீடு இருக்கும்போது ஊரான் வீட்டை நான் ஏன் போடவேண்டும்? எங்கள் வீட்டையே போட்டேன். வாசல், சமையலறை, நீலத் திரை தொங்கும் என் அறை ஜன்னல், கீழே முழு முகவரி.

"இதையெல்லாம் எவன்டி பார்க்கப் போறான்?" என்று சிரித்தார், பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரர்.

"பார்க்கிறவன் பார்ப்பான். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

இன்று அவர் டியூட்டிக்குப் போன பிறகு, கமெண்ட் பெட்டி வைக்கும் பாடம். என் அறையில் உட்கார்ந்து அதைச் செய்து முடித்து, பக்கத்தை இணையத்தில் ஏற்றினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு கமெண்ட் வந்திருந்தது. பெயர் இல்லை.

'வீடு அழகா இருக்கு.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷன் வேலைதான் என்று நினைத்துப் போன் போட்டேன்.

"என்னங்க, கமெண்ட் போட்டது நீங்கதானே?"

"வண்டியை எடுக்கிற நேரத்துல என்ன கமெண்ட்டு? வை போனை."

அதற்குள் இரண்டாவது கமெண்ட் வந்திருந்தது.

'ஆனா படத்துல இருக்கிற நீலத் திரை இப்ப இல்லையே?'

காலையில்தான் அதைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்தேன். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.