கண்ணையும் உள்ளே பதிக்கச் சொன்னார்

எங்க சண்டை கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. நானும் இவரும் ஒரே கம்பெனியில கர்னல் எழுதினவங்க. கர்னல்னா கம்ப்யூட்டரோட அஸ்திவாரம். மத்த புரோகிராம் எல்லாம் அதை நம்பித்தான் ஓடும். முடிஞ்ச வேலையை எல்லாம் கர்னலைக் கட்டும்போதே, அதாவது பில்டுலயே, செஞ்சு உள்ள பதிச்சுடணும்ங்கிறது இவர் கட்சி. "சுவிட்சைப் போட்டா ஓடணும். அப்புறம் உட்கார்ந்து என்ன யோசனை?"ம்பார். ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும், அதாவது சுவிட்சைப் போட்டு மெஷின் எழுந்திருக்கும்போதும், எதிர்ல என்ன இருக்குன்னு பார்த்துட்டு ஓடணும்ங்கிறது என் கட்சி. மீட்டிங்ல குடுமிப்பிடி சண்டை போட்டுட்டு, கேன்டீன்ல ஒரே மேஜையில சாப்பிடுவோம். ஆபீஸே சிரிச்சுது.

இப்ப இவருக்குப் பேச்சு இல்லை. நரம்பு நோய் முதல்ல கை காலை எடுத்துச்சு, அப்புறம் நாக்கை. மிச்சம் இருக்கிறது கண்ணு. கட்டில் பக்கத்துல ஒரு பெட்டி வெச்சிருக்கோம். திரையில எழுத்துக் கட்டங்கள். எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைக் கேமரா பிடிக்கும், பெட்டி வாய்விட்டுச் சொல்லும். அதோட கர்னலைப் பார்த்துக்கிறது நான்தான்.

ராத்திரி முழுக்க ஓடினா சூடாயிடும்னு தூங்கும்போது அணைச்சுடுவோம். காலையிலதான் வம்பு. போட்டதும் அது சாவகாசமா கேமராவைத் தேடும், ஸ்பீக்கரைத் தேடும், இந்த வீட்டுலயே இல்லாத பிரிண்டரைத் தேடிக்கிட்டு நிக்கும். அப்புறம் திரையில புள்ளிகள் வரும். ஒவ்வொண்ணையும் இவர் பார்க்கணும். அன்னைக்கு அவர் கண் எப்படி அசையுதுன்னு அளந்துக்கும். அதுக்குள்ள மகள் செருப்பை மாட்டிட்டு, "சாயங்காலம் பேசலாம்பா"ன்னு ஓடிடுவா. ஒருநாள் அவ போன கதவையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"எல்லாத்தையும் பில்டுல போடு"ன்னார், பெட்டி வழியா.

கேமராவும் ஸ்பீக்கரும் மாறாது, சரி. பிரிண்டரைத் தலைமுழுகினேன். "கண்ணை மட்டும் தினம் கேட்கட்டுங்க. அது கேமரா மாதிரி பொருள் இல்லை"ன்னேன்.

"என் கண்ணு எங்க ஓடிடப் போகுது? அதையும் பதி."

பிடிச்ச பிடி. வேண்டாவெறுப்பா, அன்னைக்கு அளந்த கணக்கை அப்படியே கர்னலுக்குள்ள பதிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, மறுநாள் சுவிட்சைத் தட்டினதும் பெட்டி பேசத் தயார். "குடை எடுத்துக்கோ"ன்னார். வாசல்வரைக்கும் போன மகள் திரும்பி ஓடி வந்து அவர் நெத்தியில முத்தம் கொடுத்தா. நான் தோத்ததுல எனக்கே சந்தோஷம்.

கொஞ்ச நாள்ல எழுத்து தடுமாற ஆரம்பிச்சுது. முதல்ல அங்கொண்ணு இங்கொண்ணு. அப்புறம் ஒரு வார்த்தைகூட உருப்படியா வரலை. கேமராவைத் திட்டினேன், லென்ஸைத் துடைச்சேன், நான் எழுதினதையெல்லாம் வரிவரியா அலசினேன். பெட்டி உளறுது, இவர் வேர்த்துக் கொட்டி மறுபடி மறுபடி பார்க்கிறார். தண்ணி வேணுமா, முதுகு வலிக்குதா, ஒண்ணும் புரியலை. அழுகை அழுகையா வந்துச்சு. கடைசியிலதான் கேமராவை விட்டுட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வலது இமை பாதி தொங்கியிருந்துச்சு.

பழைய கர்னலை ஏத்தினேன். புள்ளிகள் வந்துச்சு, சிரமப்பட்டு ஒவ்வொண்ணையும் பார்த்தார். கண்ணு எவ்வளவு பிடிபடுதுன்னு கடைசியில ஒரு நம்பர் வரும். ரொம்ப அடியில இருந்துச்சு. அதுக்கு ஏத்த மாதிரி பெட்டி எழுத்துக் கட்டங்களைப் பெரிசாக்கிக்கிச்சு.

"தெரியும்"னார்.

"என்ன தெரியும்?"

மெதுவா, எழுத்து எழுத்தா வந்துச்சு. "நம்பர் தினம் குறைஞ்சுது. அந்த நேரம் நீ அடுப்படியில இருப்ப. என்னைக்காவது பார்த்து அழுவ. பதிச்சா நம்பர் வராது. அதான் பதிக்கச் சொன்னேன்."

எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! "யோவ்! உன் பேச்சு போனாலும் போகட்டும், பொண்டாட்டி அழக்கூடாதா? நீ ஊமையாக் கிடந்தா நான் சிரிச்சுக்கிட்டு இருப்பேன்னு நினைச்சியா?" தெருவுக்கே கேட்டிருக்கும். கத்திக்கிட்டே அவர் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

ஒரு வழியா அன்னைக்கே புது கர்னல் கட்டினேன். பொருளெல்லாம் பில்டுல, கண்ணு மட்டும் பூட்ல.

மறுநாள் காலையில அடுப்பை அணைச்சுட்டு வந்து கட்டில் ஓரமா உட்கார்ந்தேன். ஆபீஸுக்கு லேட்டா வர்றேன்னு போன் பண்ணிட்டு மகளும் பக்கத்துல உட்கார்ந்தா. புள்ளி முடிஞ்சு நம்பர் வந்துச்சு. நேத்தைவிடக் குறைச்சல். மூணு பேரும் பார்த்தோம்.

"பயமா இருக்கு"ன்னார்.

நோய் வந்ததுலேர்ந்து அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை.

"எனக்கும்தாங்க"ன்னேன்.