வண்டு குடியிருந்த கூடை

பழைய கூடை எங்காவது விலைக்கு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், டெல்மர் கோசேயுனுக்கு இருப்புக் கொள்ளாது. வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் அள்ளிக்கொண்டு போன அப்பாச்சிப் பழங்குடிக் கூடைகளை ஒவ்வொன்றாக எங்கள் ஊரான சான் கார்லோஸுக்கே திருப்பிக் கொண்டுவருவது அவனுக்குப் பித்து. "வீட்ல மனுஷங்களுக்குப் படுக்க இடமில்ல, கூடைக்குத் தனி அறை," என்பாள் மனைவி ரோவீனா. சொல்வாளே தவிர, அதற்குத் தூசி தட்டுவதும் அவள்தான்.

அவன் சேர்த்ததிலேயே உசத்தி, டூசானில் ஒரு பங்களா ஏலத்தில் எடுத்த முதுகுக்கூடை. விளிம்பில் தொங்கும் தகரக் கூம்புகள் நடந்தால் கலகலக்கும். தங்கை மகள் ஷைலா வயதுக்கு வந்த சடங்குக்கு அந்தக் கூடைதான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான். சோளமும் மிட்டாயும் காசும் நிறைந்த கூடையைப் பெண்ணின் தலைமேல் கவிழ்ப்பது எங்கள் வழக்கம். விழுவதைப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கி, மிட்டாயைப் பல்லாலேயே பிரித்து வாயில் போட்டுக்கொள்ளும். எல்லாம் ஆசி.

சடங்குக்கு முந்தின நாள், பக்கத்து ஊரான குளோபில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் அவன் சித்தப்பா மகள் மெர்லின் வந்தாள். கூடையைத் தொடப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இதச் சோதிச்சுப் பாத்தியா? பூச்சி அரிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துப் பணக்காரனுங்க விஷப்பொடி தூவி வெச்சிருப்பானுங்க. எத்தன வருஷமானாலும் அது போகாது."

ஷைலாவின் தலையில் கொட்டப்போவதும் பிள்ளைகள் வாயில் போகப்போவதும் இந்தக் கூடையிலிருந்துதான்.

"உன் பெருமைக்காகப் பிள்ளைங்க வாயில விஷத்தப் போட்டுடாத," என்றாள் ரோவீனா. "விஷம்னு தெரிஞ்சா உன் தங்கச்சிகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

கூடையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு மூவரும் குளோபுக்குக் கிளம்பினார்கள்.

அருங்காட்சியகத்தில் மெர்லின், துப்பாக்கி மாதிரி இருந்த விஷம் காட்டும் கருவியைக் கூடையின் அடியிலும் பக்கங்களிலும் விளிம்பிலும் வைத்து வைத்துப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணே, வந்து... இதுல வண்டு இருக்கு."

"வண்டா?"

"விளிம்புக் குச்சியத் துளைச்சிருக்கு. இதோ, உயிரோட நடந்து போவுது பாரு."

"விஷம்?"

"துளிகூட இல்ல. கருவியும் இல்லன்னுதான் சொல்லுது. இருந்தா இது இவ்வளவு கொழுத்திருக்குமா?"

வேறு நாளாக இருந்தால், வண்டு என்ற சொல்லுக்கே டெல்மர் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பான். இப்போதோ சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். போன உயிர் திரும்பி வந்துவிட்டது.

"அதக் கொன்னுடாத," என்றான். "நம்ம சொந்தக்காரன் அவன்."

"அப்ப அவனுக்கும் ஒரு அறை ஒதுக்கு," என்றாள் ரோவீனா.

மறுநாள் பாட்டு நின்றதும், சடங்கு நடத்திய பெரியவர் கூடையைத் தூக்கி ஷைலாவின் தலைமேல் கவிழ்த்தார். பிள்ளைகளுக்கு முன்னால் தொந்தி குலுங்கப் பாய்ந்தது டெல்மர்தான்.

"யோவ், குழந்தைங்களோடயா போட்டி!" என்று ரோவீனா கத்தினாள்.

முதல் மிட்டாயைப் பல்லால் கிழித்து வாயில் போட்டு, எல்லாரும் பார்க்கச் சப்பி விழுங்கிய பிறகுதான் அவன் பிள்ளைகளுக்கு வழிவிட்டான்.