சத்தம் நின்ற வால்வு

இலங்கை மலையகத்து ராகலை பஜாரில் சுந்தரலிங்கம் முதலாளிக்கு இரண்டு கடைகள், கோவில் கமிட்டித் தலைவர் பதவி, நெஞ்சுக்குள் ஓர் உலோக வால்வு. முதலிரண்டையும் உபதலைவர் அழகுமுத்து எப்படியோ சகித்துக்கொண்டார். மூன்றாவதைத்தான் தாங்க முடியவில்லை. எந்தக் கூட்டமானாலும் தலைவர் மைக்கை மார்பில் வைத்து, "கேளுங்க, மெட்ராஸ்ல போட்டது! இது சத்தம் நின்னா ரத்தம் கட்டிருச்சுன்னு அர்த்தம்" என்பார். டிக் டிக்கென்று தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் வரை கேட்கும். கைதட்டுவார்கள். அழகுமுத்துவுக்கு வாய்த்தது வாயுத்தொல்லை மட்டுமே. அதை மைக்கில் போட முடியாது.

இந்த வருஷத் திருவிழாவுக்குத் தலைவரே காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவர் இங்கிலீஷ் மருந்து தொடக்கூடாது என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்தினார்.

"ஒரு நாளும் விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்களே" என்றாள் மனைவி மீனம்மா.

"ஆத்தா பாத்துக்குவா. நீ சும்மா இரு."

தேரன்று மைக் மார்புக்குப் போனது. சத்தமில்லை. மைக்செட்காரன் வயரைத் தட்டினான். அந்தத் தாளத்தை ஊரிலேயே அதிக வயிற்றெரிச்சலோடு கேட்டு வந்த அழகுமுத்துவுக்கு மட்டும் பழுது மைக்கில் இல்லையென்று புரிந்தது. உள்ளே இனித்தது.

தலைவர் மூச்சிரைத்தார், கண் செருகித் தள்ளாடினார்.

"சாமி வந்துருச்சு!" பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வேப்பிலையைக் கையில் திணித்தார்கள்.

பேசாமலிருந்தால் தலைவர் பதவி தானாக வரும். அழகுமுத்துவும் பேசாமல்தான் நின்றார், சொந்த மனைவி காளியாயி போய்த் தலைவர் காலில் விழும்வரை.

"சாமி, எங்க வீட்டுக்காரருக்கு எப்பங்க புத்தி வரும்?"

வால்வு போதாதென்று இந்த ஆளுக்குச் சாமியுமா?

"சாமியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்று கத்தினார் அழகுமுத்து. "வால்வுல ரத்தம் கட்டிருச்சு. வேன எடுங்கடா!"

கண்டி ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். பிறகு வால்வு அசைவதைக் காட்டும் எக்ஸ்ரே. இரண்டு தகடுகளில் ஒன்று ரத்தக்கட்டியில் சிக்கி நின்றிருந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினார்கள். மூளையில் ரத்தம் கசியலாம் என்று எச்சரித்தார்கள், கசியவில்லை. மறுநாள் தகடு அசைந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா ஆள் போயிருப்பாரு. யாரு கண்டுபிடிச்சது?" என்றார் டாக்டர்.

"இந்த அண்ணன்தாங்க" என்று மீனம்மா கும்பிட்டாள்.

அழகுமுத்து டாக்டரை ஓரமாக அழைத்தார். "ஐயா, எனக்கும் நெஞ்சுல என்னமோ பண்ணுது. ஒரு வால்வாச்சும்..."

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். "ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா கல்லு மாதிரி இருக்கு."

அழகுமுத்துவின் முகம் தொங்கியது.

"சரிங்க. வெளிய யாருகிட்டயும் சொல்லிராதீங்க."