கயிறில்லாமல் போன வெள்ளிக்கிழமை

லோஹேகாவில் விமானப்படைச் சுவரையொட்டிய மேய்ச்சல் வெளி, யூசுஃப் நடந்தால் மட்டும் நீளும். மற்றவர்களுக்கு அது நாலு ஏக்கர்தான். எருமைக்காரர்கள் ஒரு பீடி அணைவதற்குள் கடந்துவிடுவார்கள். யூசுஃபோ விடிகாலையில் இறங்கினால், பிற்பகல் அஸர் பாங்கு கேட்கும்போதும் அவருடைய குதிரை பிஜ்லி அதே தூரத்தில் வெள்ளையாக நின்று மேய்ந்துகொண்டிருக்கும். அவர் செருப்பு தேய்கிற வேகத்தைப் பார்த்து, அவர் வீடிருக்கும் ஏரவாடாவின் செருப்புக் கடைக்காரர், தபால்காரர் வேலை கிடைத்துவிட்டதா என்று விசாரித்தார்.

பிஜ்லி மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை. பேண்டு, பட்டாசு, முதுகில் வியர்த்து வழியும் ஒரு மாப்பிள்ளை, இதுதான் அதன் பிழைப்பு. யூசுஃபின் பிழைப்பும் அதுவே. வலது கையில் வெல்லத்தை நீட்டிக்கொண்டு, இடது கையில் கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு போவது குதிரைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பல வருஷம் பிஜ்லி வந்தது. ஒரு கல்யாணத்தில் சரவெடி வாலைச் சுட்டது. அதற்கப்புறம் வெளி நீள ஆரம்பித்தது. முதலில் ஒரு தெரு அளவு, பிறகு ஊரின் மறுகோடியிலிருக்கும் நிக்டி வரை போகிற தூரம். முகூர்த்தங்கள் தவறின, மாப்பிள்ளைகள் காரில் போனார்கள். கடைசியில் தளேகாவ் குதிரை வியாபாரிக்கு பிஜ்லியை வெள்ளிக்கிழமை விற்றுவிடுவதாகப் பேச்சு முடிந்தது. குட்டியிலிருந்து வளர்த்தது. யூசுஃபுக்கு மனசே இல்லை, ஆனால் காலிலும் தெம்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி ஃபஹ்மிதா கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"வேல இருந்தாத்தானே அதக் கூப்புடுறீங்க? இன்னிக்காவது சும்மா போய் உக்காந்துட்டு வாங்க."

வெளியோரம் வியாபாரி லாரியோடு காத்திருந்தார். யூசுஃப் வெளிக்குள் போனார். அது நாலு ஏக்கராகவே இருந்தது. குதிரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் கூப்பிடவில்லை, அவ்வளவு அலுப்பு. தலைக்கு மேலே போர்விமானம் ஒன்று இரைந்து போனது. பிறகு பிடரியில் சூடான மூச்சுப் பட்டது. பிஜ்லி தன் தாடையை அவர் தோளில் வைத்தது. யூசுஃப் அழுதார்.

பிடித்துக்கொள்ளச் சொல்லி வியாபாரி கத்தினார். யூசுஃப் கையைத் தூக்கவே இல்லை.

"அது பிடிபட வரல பாய், பாக்க வந்திருக்கு."

வியாபாரி வெல்லத்தை நீட்டி, கயிற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு தானே வெளிக்குள் இறங்கினார். யூசுஃப் எழுந்து வீட்டுக்கு நடந்தார். பிஜ்லி பின்னாலேயே போனது. ஜும்ஆ தொழுகைக்குள் ஏரவாடா வந்துவிட்டார்கள்.

இப்போது யூசுஃப் கயிற்றை எல்லோரும் பார்க்கத் தோளில் போட்டுக்கொண்டு போய் உட்காருகிறார். பிஜ்லி வந்தால் ஊர்வலம். வராவிட்டால் மாப்பிள்ளை காரில் போகிறார். தளேகாவ் வியாபாரி இன்னும் அந்த வெளியில் நடந்துகொண்டிருக்கிறார். எருமைக்காரர்கள் அவருக்குத் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்து, கயிற்றைக் கீழே போடச் சொல்கிறார்கள். அவர் டீயை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.