அம்சவல்லியின் அட்டைப் பாட்டு

அம்சவல்லி 1974இல் கட்டிய முதல் பாட்டில் ஒரு தாமரைக் குளமும் இரண்டு அன்னப் பறவைகளும் ஒரு பளிங்கு மண்டபமும் இருந்தன. எதையும் அவள் கண்ணால் கண்டதில்லை. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளுகிறவள். என்றாலும் பாட்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்பினாள். கோயில் திருவிழாவில் கண்களை மூடிக்கொண்டு பாடி முடித்தாள்.

பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் செல்லம் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, அந்த அன்னம் ரெண்டும் எந்த லயத்து வீட்டுல குடியிருக்கு?"

"பாட்டுன்னா கற்பனை வேணும்லா. ஒனக்கெங்க புரியப் போவுது."

மூன்று வருடம் கழித்து அம்சவல்லிக்குக் கல்யாணமானது. கணவன் நல்லுசாமி தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். பிரிஞ்சாங் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த பழைய கித்தாரையும் ஒரு கேசட்டையும் அவன் கொண்டுவந்து கொடுத்தான். கேசட்டில் ஒரு கறுப்பினப் பெண் ஆங்கிலத்தில் பாடினாள். அம்சவல்லிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் ஏறி, உடைந்து, கெஞ்சிக்கொண்டே இறங்கியபோது அவள் அடுப்பை மறந்தாள். சோறு அடிப்பிடித்தது. இத்தனை நாளும் தான் தொண்டைக்கு மேலே மட்டும்தான் பாடியிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து இழுக்கத் தொடங்கினாள்.

"ஒரு வார்த்தைய ரிங்லெட்ல ஏத்துனா மலைக்குக் கீழ தாப்பாவுலதான் எறக்குற," என்றான் நல்லுசாமி. "நடுவுல அத்தன வளைவு. லோரி ஓட்டுற எனக்கே தலை சுத்துதுலா."

செல்லத்தின் தங்கை கல்யாணத்தில் அம்சவல்லி அதே பாணியில் வாழ்த்துப் பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு தவறிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டார். செல்லம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்சவல்லி வீட்டுக்கு வந்து கித்தாரை ஆணியில் மாட்டினாள். நான்கு மாதம் அதைத் தொடவில்லை.

1981 மழைக்காலத்தில் ஒரு நாள் கொழுந்து எடுக்க முடியாமல் பெண்கள் எல்லாரும் தகரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். செல்லத்தின் கெண்டைக்காலில் ஓர் அட்டை ரத்தம் குடித்துக் கொழுத்திருந்தது. அவள் அதனிடம் சண்டைக்குப் போனாள்.

"கங்காணி கண்ணுக்குத் தப்புனேன், கணக்கெழுதுற கிராணி வாய்க்குத் தப்புனேன், ஒனக்கு மட்டும் எப்படிடா ஆப்புட்டேன்? எல்லாத்தையும் குடிக்காத. எனக்கும் கொஞ்சம் வேணும்!"

அம்சவல்லி காலிக் கூடையைத் தட்டி அந்த வசவை அப்படியே பாடினாள். முதல் இரண்டு அடிக்கும் கொட்டகை குலுங்கிச் சிரித்தது. 'எனக்கும் கொஞ்சம் வேணும்' என்ற இடத்தில் குரல் தானாக இறங்கியது, உடைந்தது, திரும்ப ஏறியது. சிரிப்பு நின்றுபோயிற்று.

"அடிப்பாவி, நான் திட்டுனதயா பாடுற?" என்றாள் செல்லம். அவள் குரலும் சரியாக இல்லை.

ஈப்போ டவுனில் ஒரு கேசட் கடைக்காரர் அம்சவல்லி பாடிக் காட்டியதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "குரல் அருமைம்மா. அட்டைய எடுத்துட்டு வண்டுன்னு போடுங்க, பதிவு பண்ணிடலாம்."

"வண்டு எங்க கால்ல ஏறாதுங்க," என்று சொல்லிவிட்டு அம்சவல்லி பஸ் ஏறினாள்.

வேலை நாட்களில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தது. அங்கே நல்லுசாமியின் கேசட் ரேடியோவில் அவர்களே பதிவு செய்தார்கள். முதல் முறை சேவல் கூவியது. இரண்டாம் முறை மழை. மூன்றாம் முறை செல்லம் சிரித்துவிட்டாள். நான்காம் முறையும் சிரித்தாள். அம்சவல்லி இனி முடியாது என்று சிரிப்போடு அதை அப்படியே விட்டுவிட்டாள்.

"அட்டைப் பாட்டுக்கு நல்ல அட்டையா போடுங்கடி," என்று செல்லமே கேசட்டின் மேல் பேர் எழுதினாள்.

கியா பார்ம் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் இருபது கேசட் வைத்தார்கள். கோஸ் வாங்க வந்த தோட்டப் பள்ளிக்கூடத்துக் கார்த்திகேசு வாத்தியார் ஒன்று வாங்கிப்போனார். மறுவாரம் வந்து இன்னும் மூன்று கேட்டார்.

செல்லத்துக்கு ஒரே ஒரு குறை. "என் சிரிப்பு ஏண்டி ஆடு கத்துற மாதிரி கேக்குது?"

"நீ அப்படித்தான் சிரிக்கிற."

செல்லம் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் நிரையில் நின்று மழையை, மேட்டை, தன் முட்டியை, மாமியாரை எல்லாம் நிறுத்தி நிதானமாக, தெளிவான உச்சரிப்பில் திட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அம்சவல்லியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்சவல்லி ஒன்றும் காதில் விழாதவள் போல, முட்டியைத் திட்டிய இடம் வரைக்கும் மனப்பாடம் செய்துகொண்டு, கொழுந்து கிள்ளினாள்.