பைகளுக்குக் காவல்

...மூச்சு வாங்குமாம், யாருக்கு, பௌர்ணமி தவறாமல் செருப்பில்லாமல் மலையைச் சுற்றிவிட்டு மறுநாள் காலையில் முதல் மணிக்கே பள்ளிக்கூடத்தில் நிற்கிறவளுக்கா, பாதி வழியிலேயே சோடாக் கடை பெஞ்சைத் தேடுகிறவர் யாராம்... அடுப்பில் வேர்க்கடலை வெந்துகொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த பச்சைக் கடலை. ரேணுகாம்பாள் உப்பை ஜாஸ்தியாகவே அள்ளிப் போட்டாள், தின்னட்டும். ஹாலில் சக்திவேலின் குரல், போனில் எடுத்த வீடியோவை டிவியில் போட்டுவிட்டுத் தங்கைக்கும் தங்கை மகள் அபிநயாவுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மேல தொங்குது பாரு, அது கல்விழுது. சொட்டுச் சொட்டா தண்ணி விழுந்தே அப்படி ஆயிருக்கு, லட்சக்கணக்கான வருஷம்." கல்விழுதாம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது இவருக்கு? ரயிலில் எதிர் சீட்டிலிருந்து அவள் சொல்லிக்கொண்டே வந்தாளே, அப்போது போனிலிருந்து தலையைத் தூக்கினாரா?

வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் குகை வரைகிறாள், மேலிருந்து இறங்குவது ஒன்று, கீழிருந்து முளைப்பது ஒன்று, இரண்டும் சேர்ந்தால் தூண், வருஷா வருஷம் எவளாவது ஒருத்தி கேட்டுவிடுவாள், மிஸ் நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா என்று. அதற்காகத்தானே இந்தப் பயணம், பஸ்தர் காட்டுக்குள் அப்படி ஒரு குகை இருக்கிறது, மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள் என்றெல்லாம் தேடிக் கண்டுபிடித்தது அவள், டிக்கெட் போட்டது அவள், அவர் தன் நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். தேசியப் பூங்கா வாசலில் ஜீப் பிடித்து, மரங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினால், பாறையில் ஒரு ஆள் நுழையும் இடுக்கு, உள்ளே இறங்க இரும்புப் படி, உள்ளேயிருந்து ஈரமாக ஒரு காத்து முகத்தில் அடித்ததே... "குரங்கு ஜாஸ்தியா இருக்கு, பையெல்லாம் யார் பாத்துக்கறது? உனக்கு மூச்சு வேற வாங்கும், நீ இங்கயே உக்காரு." அவர் சொன்னார், நண்பர்கள் தோளிலிருந்த பைகளைக் கழற்றி அவள் காலடியில் வைத்தார்கள், தண்ணீர் பாட்டில், தொப்பி, எல்லாம். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வழிகாட்டியின் பின்னால் மூன்று முதுகுகளும் இருட்டில் இறங்கிவிட்டன. குகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தாள். இதற்கா அத்தனை தூரம்?

கடலையை வடித்துத் தட்டில் கொட்டி ஹாலுக்கு எடுத்துப்போனாள். டிவி நிறையக் குகை. டார்ச் வெளிச்சம் மேலே ஏற, ஈரம் மின்ன, கல் விழுதுவிழுதாக இறங்கியிருந்தது, கரும்பலகையில் அவள் வரைந்ததெல்லாம் எவ்வளவு பொய்... தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்போதுதான் டிவிக்குள்ளிருந்து வழிகாட்டியின் குரல், மேடம் வரவில்லையா என்று இந்தியில் கேட்டது. சக்திவேலின் குரல் சிரித்துக்கொண்டே அரைகுறை இந்தியில் பதில் சொன்னது: "உஸ்கோ இன்ட்ரஸ்ட் நஹி." அவளுக்கு இதிலெல்லாம் விருப்பமில்லையாம். நண்பர்களின் சிரிப்பு குகைக்குள் எதிரொலித்துப் பெரிதாகத் திரும்பி வந்தது.

"அந்த இடத்த மறுபடி போடுங்க."

"எந்த இடம்?" என்றார் சக்திவேல், கடலையை உரித்தபடி.

"அந்த ஆள் என்னைப் பத்திக் கேக்கற இடம்."

அபிநயா நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, நீங்க உள்ளயே போகலையா?"

"போகலை. பைக்குக் காவல் வெச்சுட்டுப் போனாங்க."

"விடுங்க அண்ணி, அண்ணன் ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும்," என்றாள் நாத்தனார். சக்திவேல் டிவியை நிறுத்தினார். "இப்ப என்ன, அடுத்த வருஷம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

கூட்டிட்டுப் போறாராம்... யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனது? கத்த வேண்டும்போல வந்தது, ஆனால் மனசு அதற்குள் அந்த இரும்புப் படியில் இறங்க ஆரம்பித்திருந்தது, கையில் டார்ச், தலைக்கு மேல் சொட்டும் கல், நிதானமாக, வேண்டுமட்டும் நின்று பார்த்துக்கொண்டு. அவர் பக்கத்தில் இல்லை. சரி, வாசலில் இருப்பார் என்று பார்த்தாள், வாசலிலும் இல்லை. ஜீப்பில் இல்லை, ரயிலில் எதிர் சீட்டு காலியாக இருந்தது, திருவண்ணாமலை ஸ்டேஷனில் அவள் ஒருத்திதான் ஏறுகிறாள், அதற்கும் முன்னால், வேங்கிக்காலில் இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதாவது அவர் எங்கேயாவது இருக்க வேண்டுமே... தேடிப் பார்த்தாள், இன்னும் தேடினாள். எதிரே உட்கார்ந்து அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.